குடவோலையும் வகுப்பறையும்

நமது பள்ளிக்கூடங்களில் சரித்திரப் பாடம் நடக்கும் வேளையில் தாழ்வாரத்தில் நின்று செவிசாய்ப்பவருக்கு ஒரே ஒரு குரல்தான் கேட்கும். அது உபாத்தியாயருடைய குரல். இடையிடையே அவர் ஒரு வினாவை எழுப்புவார். முன் பெஞ்சில் இருக்கும் மூன்று நான்கு பிள்ளைகள் புத்தகத்திலுள்ள வாக்கியத்தை அப்படியே ஒப்புவிப்பார்கள். எஞ்சியவர்கள் வாய் திறவார்கள். மணி அடிக்கும், பாடம் முடியும். இவ்வாறு பத்து வருஷ காலம் மௌனத்தில் பழகிய பிள்ளை, வோட்டுரிமை பெற்ற மறுநாளே கிராம சபையில் எழுந்து நின்று, 'ஏரி வாய்க்காலுக்கென்று ஒதுக்கிய பணம் எங்கே?' என்று கேட்டுவிடும் என நாம் எதிர்பார்க்கிறோம். விதைக்காத வயலுக்கு அரிவாளை எடுத்துக்கொண்டு போவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

இன்று சமூக அறிவியல் என்ற பெயரால் வழங்கும் சரித்திரம், பூகோளம், குடிமையியல், பொருளாதாரம் ஆகிய பாடங்களுக்குத் தனியானதொரு நோக்கம் உண்டு. கணக்கும் ரசாயனமும் கல்லாதவன் அவற்றால் வரக்கூடிய பயனைத் தான் இழப்பான். குடிமைப் பாடம் கல்லாதவனால் ஊரே நஷ்டமடையும். 1988-ம் வருஷத்து 61-வது அரசியல் சட்டத் திருத்தம் வோட்டுரிமைக்குரிய வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்தது. 1992-ம் வருஷத்து 73-வது திருத்தமும், அதையொட்டி வந்த 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் கிராம சபைக்குச் சட்ட அந்தஸ்து அளித்தன. பத்தாம் வகுப்பை முடித்து வெளியேறும் பிள்ளைக்கும் இந்த உரிமைகளுக்கும் இடையே இருப்பது இரண்டு மூன்று வருஷ தூரமே. அதற்குள் கேட்கவும், மறுக்கவும், எதிர்க்கட்சியின் நியாயத்தைப் பொறுமையுடன் செவிமடுக்கவும் அது எங்கே பழகும்? வகுப்பறையைத் தவிர வேறு இடம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இதற்குப் பல நாட்டு ஆசிரியர்கள் கையாண்டு பயன் கண்ட உபாயம் ஒன்று உண்டு. மாணாக்கர்களே பாத்திரங்களை ஏற்று, ஒரு காலத்தின் அல்லது ஓர் ஊரின் வழக்கைத் தாமே நடத்திப் பார்ப்பது அது. இங்கிலாந்தில் ஸஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ஸாம்ப்டிங் என்னும் கிராமத்துப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்த ஹாரியட் பின்லே ஜான்ஸன் என்ற அம்மையார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடியானவர்களின் பிள்ளைகளுக்குச் சரித்திரத்தை இவ்வழியில் போதித்து, அந்த அனுபவத்தை நூலாகவும் எழுதினார். பார்ப்பவருக்காக நடிப்பதன்று, நடிப்பவர் கற்பதற்காக நடிப்பது என்பது அவர் கொண்ட கொள்கை. சட்டக் கல்லூரிகளில் மாதிரி நீதிமன்றம் நடத்துவதும் இதே தத்துவத்தின் மேல்தான். வாதி கட்சியில் நம்பிக்கையுள்ள மாணவனுக்குப் பிரதிவாதியின் கட்டைக் கொடுத்துப் பேசச் சொல்லும்போதுதான், தன் கட்சியின் பலவீனம் எது என்பது அவனுக்கு முதன்முதலாக விளங்குகிறது. வக்கீல் தொழிலுக்கு இன்றியமையாத இந்தப் பயிற்சி பிரஜைக்கு வேண்டாமென்று யார் சொல்வார்?

இதற்கான பொருளைத் தேடி நமது ஜில்லாக்காரர்கள் ஸாம்ப்டிங்குக்குப் போக வேண்டியதில்லை. 1997-ம் வருஷம்வரை ஒன்றாயிருந்த பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்ததும், இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பதுமான உத்திரமேரூரின் கோயில் சுவரில் அது வெட்டிவைக்கப்பட்டிருக்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டுகளைப் பற்றிப் படிக்காத தமிழ் மாணாக்கர் இல்லை. ஆனால் எப்படிப் படிக்கிறார்கள்? 'குடவோலை முறையைப் பற்றிக் குறிப்பு வரைக' என்ற வினாவுக்கு ஐந்து வரி விடையாகப் படிக்கிறார்கள். பரீட்சை எழுதிய மாலையே அந்த ஐந்து வரியும் மறைந்துவிடுகின்றன.

அந்தச் சாஸனத்தைச் சட்டமாகவே வாசித்துப் பாருங்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வார்டு. ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குரியவன் கால் வேலிக்கு மேல் வரிகட்டும் நிலம் உடையவனாகவும், தன் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவனாகவும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவனாகவும், வேதம் கற்றவனாகவும், நேர்வழியில் பொருளீட்டியவனாகவும் இருக்க வேண்டும். முந்திய மூன்று வருஷங்களில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமற்போனவன் மட்டுமல்ல, அவனுடைய தந்தை, மகன், சகோதரன், மாமன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள் என்று உறவினர் கூட்டமே விலக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், எஞ்சிய அறுவர் ஏரி வாரியம். சாஸனம் அவர்களுக்கு வகுத்த பதவிக் காலம் 360 நாள்.

சீட்டு எடுக்கும் முறையில் காட்டியிருக்கும் ஜாக்கிரதை நமது தேர்தல் அதிகாரிகளையே வியக்கவைக்கும். சபையார் அனைவரும் பாலர் முதல் விருத்தர் வரை கூடியிருக்க, கோயில் நம்பிமார் நடுவில் நிற்க, அவர்களுள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு குடும்பின் சீட்டுகளை வேறொரு வெறுங்குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் மடங்கியிருந்தால் அதற்குள் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாமல்லவா? வாங்கியதை அவன் உரக்க வாசிக்க, நம்பிமாரும் ஒவ்வொருவராக வாசிக்க, பிறகே அப்பெயர் ஏற்கப்படும்.

இப்பொழுது ஒன்பதாம் வகுப்பு ஒன்றில் இதை நடத்திப் பார்ப்போம். வேண்டிய சாமான்கள் இரண்டு மண் குடமும் ஒரு தாள் காகிதமும். உபாத்தியாயர் நாற்பது சீட்டுகள் எழுதுகிறார். ஒருவர் அரை வேலி நிலமுடையவர், வயது 40. மற்றொருவர் கற்றவர்; ஆனால் வயது 34. வேறொருவருக்குச் சகல தகுதியும் உண்டு. ஆனால் அவருடைய மாமன் ஏரிக் கணக்கை ஒப்படைக்காமல் போனவர். இன்னொருவர் ஏரிக்கரையில் மண் சுமப்பவர். மற்றுமொருவர் ஒரு பெண். சீட்டுகளைக் குடத்திலிட்டு, யாருக்கு எது வருகிறதோ அதுவே அவருக்குரிய பாத்திரம் என்று விதிக்கிறார். பிறகு சபை கூடுகிறது. தகுதிகளைக் கற்பலகையில் எழுதிவிட்டு உபாத்தியாயர் ஒதுங்கி நிற்கிறார். மாமன் செய்த தவற்றுக்கு மருமகனை விலக்குவது நியாயமா என்ற கேள்வி எழுந்தவுடன், அதுவரையில் பேசாதிருந்த பிள்ளையும் பேசத் தொடங்கும். ஏனெனில் விலக்கப்படுவது அப்பிள்ளையே. 'உறவினனை விட்டால் பினாமி வந்துவிடுவானே' என்று ஒருவன் சொல்வான். 'குற்றம் செய்யாதவனைத் தண்டிக்கலாமா' என்று ஒருத்தி கேட்பாள். இவ்விவாதத்தில் கலந்துகொண்ட பிள்ளைக்குப் பராந்தகன் காலத்துத் தகுதிகளை இரண்டாம் முறை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இராது.

இதனினும் முக்கியமான பாடம் இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. விதிகளை ஒவ்வொன்றாகப் பிரயோகித்து முடித்த பிறகு வகுப்பில் எத்தனை பேர் சபைக்குள் நிற்பார்கள்? மிகச் சிலரே. பெண்கள் அனைவரும் வெளியே, நிலமில்லாதவர்கள் வெளியே, வேதம் ஓத உரிமை பெறாத சாதியார் வெளியே. உத்திரமேரூர் சதுர்வேதிமங்கலம், அதாவது அந்தணர்க்கு விடப்பட்ட ஊர். அந்தச் சபை அவ்வூரின் சகல ஜனங்களுடைய சபை அன்று. நமது முன்னோரின் ஆட்சித் திறனை நினைத்துப் பெருமைகொள்ள நமக்கு முழு உரிமை உண்டு. கணக்குக் காட்டாதவனை ஊராள விடாத அந்த விதி இன்றும் நாம் கைக்கொள்ளத் தக்கது. ஆயினும் வெளியே நிற்பவர்களைக் காணாமல் கொள்ளும் பெருமை அரைப் பெருமையே. 'குடவோலை ஜனநாயகத்தின் தொட்டில்' என்று பாடம் சொல்லி முடித்துவிட்டால் மாணாக்கர் இதைக் காணார். வாசற்படிக்கு வெளியே தாமே நிறுத்தப்படும்போது காண்பர். அப்பொழுது உபாத்தியாயர் அதே சபையை நமது அரசியல் சட்டத்தின்படி இரண்டாம் முறை கூட்டட்டும். வெளியே நின்ற எல்லாரும் உள்ளே வருவார்கள். வயதுவந்தோர் வாக்குரிமை என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரை எழுத நம்மால் ஆகாது.

பாத்திரங்களைச் சீட்டினால் பிரிக்க வேண்டுமென்று நாம் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உபாத்தியாயரே பாத்திரத்தை நியமித்தால், ராஜா வேடம் செல்வந்தர் பிள்ளைக்கும், சேவகன் வேடம் ஏழைப் பிள்ளைக்கும் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடும் அபாயம் இருக்கிறது. பிறப்பினால் இழிவை அனுபவித்த குடும்பத்துக் குழந்தையையே அவ்விழிவை நடித்துக் காட்டும்படி ஏவுவது பாடமன்று, கொடுமை. தீண்டாமையின் அவமானக் காட்சிகளை எந்தக் குழந்தையைக் கொண்டும் நடிக்கச் செய்யலாகாது. அவற்றை வாசித்தும் விவாதித்தும் அறிந்துகொள்வதே முறை. தீர்மானிக்க வேண்டிய விஷயங்களையே நடிப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். துன்பப்பட்ட காட்சிகளை எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த எல்லையை மறக்கும் உபாத்தியாயர் இம்முறையைத் தொடாமலிருப்பதே நல்லது.

செங்கற்பட்டு நகரமே இத்தகைய மற்றொரு பாடத்தை வைத்திருக்கிறது. 1929-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 17, 18 தேதிகளில் அங்கே முதலாவது மாகாண சுயமரியாதை மாநாடு டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் கூடியது. பெண்களுக்கு ஆண்களோடு சமமான சொத்துரிமை வேண்டுமென்பது அங்கே நிறைவேறிய தீர்மானங்களுள் ஒன்று. அம்மாநாட்டினரின் கொள்கைகளை எல்லாம் ஒப்பாதவரும் இத்தீர்மானத்தின் வரலாற்றை ஒதுக்க முடியாது. 1937-ல் விதவைகளுக்கு ஓரளவு பங்கு கிடைத்தது. 1956-ல் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. ஆயினும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை கிட்டவில்லை. 1989-ல் தமிழ்நாடு சட்டசபை அதை வழங்கியது. 2005-ல் மத்திய சட்டமும் திருத்தப்பட்டது. செங்கற்பட்டுத் தீர்மானம் நமது மாகாணத்தில் சட்டமாவதற்கு அறுபது வருஷமாயிற்று. ஏன் இத்தனை காலம்? அந்தத் தீர்மானத்தை வகுப்பில் மறுபடியும் பிரேரேபிக்கட்டும். ஆதரித்தும் எதிர்த்தும் பேசுவோரைக் குடம் நிர்ணயிக்கட்டும். 'நிலம் துண்டாடப்படும்', 'சீர் கொடுத்தாயிற்றே' என்ற பழைய வாதங்களை ஒரு மாணவி தன் வாயாலேயே சொல்லிப் பார்த்து, அதற்கு ஒரு மாணவன் விடையளிக்கட்டும். வீட்டில் இன்றும் நடக்கும் சம்பாஷணை ஒன்றைத்தான் தாம் பேசுகிறோம் என்பது இருவருக்கும் சீக்கிரமே தெரிந்துவிடும்.

நிற்க. சென்ற காலத்து வழக்குகள் மட்டுமே இதற்கு ஏற்றவை என்று எண்ண வேண்டாம். செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் மாமல்லபுரம். அதன் சிற்பங்களும் கோயில்களும் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இருக்கின்றன. கடற்கரைக் கோயிலின் அருகிலேயே மீனவர் குப்பம். அங்கிருக்கும் மணற்பரப்பை மீனவர் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் வேண்டுகின்றனர். யாத்திரிகரை நம்பி வாழும் கடைக்காரரும் விடுதிக்காரரும் அதன் மேல் கண்வைத்திருக்கின்றனர். கற்சிற்பிகளுக்கோ பட்டறையும் சந்தையும் வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்புக்குட்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்றும், அதற்கப்பால் 200 மீட்டருக்குள் அனுமதி பெற்றே கட்டலாம் என்றும் 2010-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் கூறுகிறது. 1991-ல் பிறந்து பின்னர் மாற்றியமைக்கப்பட்ட கடலோர ஒழுங்குமுறை விதிகள் வேறு இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2004-ம் வருஷம் டிசம்பர் மாதம் 26-ந் தேதி அக்கரையில் ஏறிய ஆழிப்பேரலையின் ஞாபகம் இருக்கிறது.

இதைவிட வளமான பூகோள, குடிமைப் பாடம் எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்? அந்த மணலில் புதிதாக ஒரு கட்டடம் எழுப்பக் கோரும் மனு வந்திருப்பதாக வைத்துக்கொண்டு, கலெக்டர் முன்னிலையில் கருத்துக் கேட்புக் கூட்டம் ஒன்றை மாணாக்கர் நடத்தட்டும். குடம் பிரித்துக் கொடுத்தபடி மீனவர் மகன் தொல்லியல் அதிகாரியாகட்டும். விடுதிக்காரர் மகள் ஊர்ப் பஞ்சாயத்தாரின் பிரதிநிதியாகட்டும். ஒவ்வொருவரும் பேசுவதற்கு முன் விசாரிக்க வேண்டும். பாட்டனாரிடம் கேட்டு, அலை எந்தத் தெருவரை வந்தது என்று அறிய வேண்டும். சட்டம் குறிக்கும் 100 மீட்டர் எங்கே முடிகிறது என்று அடியளந்து பார்க்க வேண்டும். பிறகு கலெக்டர் பாத்திரம் ஏற்றவர் தீர்ப்பை மட்டுமன்றி அதற்குரிய காரணங்களையும் எழுதி வாசிக்க வேண்டும். காரணம் கூறாத தீர்ப்பு தீர்ப்பாகாது என்ற நியதி சிறுவயதிலேயே மனத்தில் பதியட்டும். ஆழிப்பேரலையையோ அதில் நேர்ந்த மரணங்களையோ நடிக்கக் கூடாது என்பதை இங்கே மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

நாம் சொல்லும் முறையோடு வேறு சிலவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது. சுதந்திர தினத்தில் மீசை ஒட்டிப் பாரதியாராகவும், கோலேந்திக் காந்தியடிகளாகவும் சிறுவர்கள் மேடையேறுகிறார்கள். அது அழகான காட்சி, படமெடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிறுவன் எதையும் தீர்மானிப்பதில்லை. 1962-ல் பம்பாயில் கூடிய நான்காவது அகில இந்தியக் கொறடாக்கள் மாநாட்டின் சிபார்சின் மேல், 1966-67-ல் டில்லிப் பள்ளிகளில் இளைஞர் பார்லிமெண்டுப் போட்டி தொடங்கியது. 1988-ல் கேந்திரீய வித்யாலயங்களுக்கும் தேசிய அளவில் ஏற்பட்டது. போற்றத்தக்க யோசனைதான். ஆனால் போட்டியும் பரிசும் புகுந்த இடத்தில், எழுதிக் கொடுத்த கேள்விக்கு எழுதிக் கொடுத்த விடை என்றாகிவிடுவது எளிது. மந்திரி திணறாத சபை ஒரு சபையாகுமா? முடிவு இன்னதென்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது ஒத்திகை. தெரியாதிருந்தால் அதுவே பாடம்.

சிலர் ஆக்ஷேபிக்கலாம். பாடத்திட்டம் நீளமானது, நேரம் ஏது என்பார்கள். பாடவேளை ஒவ்வொன்றையும் நாடகமாக்கும்படி நாம் கேட்கவில்லை. ஒரு பருவத்தில் இரண்டு முறை போதும். ஒரு பாடவேளை நடிப்புக்கு. மறு பாடவேளை வேடத்தைக் கலைத்துவிட்டு, 'நான் ஏன் அப்படிப் பேசினேன், சாஸனத்தில் உள்ளபடி நடந்தோமா, எங்கே பிசகினோம்' என்று ஆராய்வதற்கு. இந்த இரண்டாவது வேளையை விட்டுவிட்டால் முதல் வேளை வெறும் வேடிக்கையாய் முடியும். பத்தாம் வகுப்பில் பொதுப் பரீட்சை காத்திருக்கிறதே என்பார்கள். நடித்த பாத்திரத்துக்கு எதிர்க்கட்சியின் நியாயத்தை ஒரு பக்கம் எழுதி வரும்படி வீட்டுவேலை கொடுத்தால், பரீட்சைக்கு வேண்டிய நெட்டை விடைகளும் அதனுள்ளே அடங்கிவிடும். கூச்சல் எழும், கட்டுப்பாடு குலையும் என்பார்கள். கூச்சல் எழத்தான் செய்யும். ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு, பேசவே இடமில்லாத வகுப்பில் எவ்வாறு உண்டாகும்?

நமது சர்க்கார் இத்துறையில் முற்றிலும் அநுபவமற்றதன்று. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் சில வருஷங்களுக்குள் மாகாணமெங்கும் ஆரம்ப வகுப்புகளுக்குப் பரவியது. சிறு குழந்தை கையால் செய்து கற்க வேண்டுமென்று ஒப்புக்கொண்ட நாம், அதே குழந்தை ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவுடன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்வது விந்தையே. கல்வி இலாகா செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் அனுபவமுள்ள உபாத்தியாயர்களைக் கூட்டி, அவ்வூர்க் கல்வெட்டு, அவ்வூர் ஏரி, அவ்வூர்க் கடற்கரை இவற்றிலிருந்து பத்து வழக்குகளைப் பாத்திரச் சீட்டுகளோடு தயாரித்து எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பட்டும். தலைமை உபாத்தியாயர்கள், சத்தம் வரும் வகுப்பைக் கண்டவுடன் முகம் சுளிக்காதிருக்கட்டும். பெற்றோர்கள், 'இன்று என்ன மார்க்கு?' என்று கேட்பதோடு, 'இன்று யார் கட்சி பேசினாய்?' என்றும் கேட்கட்டும்.

உத்திரமேரூர் மகாசபையார் தம் விதிகளை ஓலையில் எழுதி ஒளித்துவைக்கவில்லை. எல்லாரும் காணும்படி கல்லில் வெட்டினார்கள். ஆயிரத்து நூறு வருஷமாக அந்தக் கல் நிற்கிறது. அதிலுள்ள ஐந்து விரல் விரித்த கையைப் புத்தகத்தில் வாசிப்பதோடு நமது பிள்ளைகள் நின்றுவிட்டால் கல்லினால் பயனில்லை. தம் கையையும் அவ்வாறு விரித்துக் காட்டவும், ஊராள வந்தவரின் கையை விரித்துக் காட்டும்படி கேட்கவும் அவர்கள் பழக வேண்டும். ஒரு குடமும் சில காகிதச் சீட்டுகளும் வாங்க எந்தப் பள்ளிக்கும் மான்யம் வேண்டியதில்லை. வேண்டியது உபாத்தியாயரின் மனம் ஒன்றே. இந்தப் பருவத்திலேயே தொடங்குவார்களாக.